கடைசியாகத் தொட்ட கை

9

அபராதத்தை யார் தலையில் கட்டுவது என்று மாலை ஐந்து மணிக்குள் ஏமஸ் ட்ரெட்வே எழுதிக் கொடுத்தாக வேண்டும். இப்போது மணி பதினொன்று. இதுவரை அவர் எழுதியிருந்தது தேதி மட்டும்தான்.

ரயிலில் போகிற அமிலமும் விஷமும் வழியில் சிந்தினால், தப்பு யாருடையது என்று கண்டுபிடித்து அபராதத்துக்கு எழுதுவது ரயில் பாதுகாப்பு ஆய்வாளரான அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. துப்பாக்கி கிடையாது, விலங்கு கிடையாது, யாரும் ஓடிப்போய் ஒளிந்துகொள்வதும் கிடையாது. ஓடுவதற்குப் பதில் வக்கீல் வைத்துக்கொள்வார்கள். அப்படி ரசாயன ஆலைக்காக வந்த வக்கீல் கார்லைல்தான், டல்லி ரயில் யார்டின் தகரக் கொட்டகையில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன் இதே யார்டில் வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் நடந்துகொண்டிருந்தபோது, கந்தக அமிலம் ஏற்றிய ஒரு டேங்கர் வேகனின் மேல்மூடி கசிந்தது. வேகன் இன்னொரு வேகனோடு மோதி இணைந்த குலுக்கலில் அமிலம் தெறித்து, பக்கத்தில் நின்ற பர்ல் காஸ்கின்ஸ் என்ற ஷண்டிங் தொழிலாளியின் முகத்தில் விழுந்தது. இடது கண் போய்விட்டது. பள்ளிக்கூடத்தையும் நூறு வீடுகளையும் காலி செய்தார்கள். அந்த மூடியை முறுக்கியவள் பேயூ ஃபோர்க் ரசாயன ஆலையில் வேகன் நிரப்பும் ஒடெஸா ப்ரூயிட். அவளுடைய கூடப் பிறந்த தங்கை வெர்லீன்தான் பர்லின் மனைவி. அந்தக் குடும்பத்தில் இந்த மூன்று வாரமாக எப்படிச் சோறு இறங்கியிருக்கும் என்று யோசிக்கவே ட்ரெட்வேக்கு அலுப்பாக இருந்தது.

கார்லைல் ஒரு புகைப்படத்தை மேஜைமேல் நகர்த்தினான். தீயணைப்பு ஆட்கள் ஏணியில் ஏறி முதலில் எடுத்த படம். வட்ட மூடி, சுற்றி ஆறு நட்டு. ஒவ்வொரு நட்டிலிருந்தும் அடித்தகடு வரைக்கும் பவழ நிறத்தில் ஒரு கோடு.

"நெயில் பாலிஷ்," என்றான். "ஆலையில குடுக்கற பெயின்ட் பேனா வெயில்ல காஞ்சு போயிடுதுன்னு, லோடு பண்றவங்க ஆளுக்கொரு நெயில் பாலிஷ் வச்சிருக்காங்க. கோட்டைப் பாத்தா யார் மூடின வேகன்னு தெரிஞ்சிடும். இந்தக் கலர் ஒடெஸாவோடது. நட்டை யாராவது திருப்பியிருந்தா கோடு வெலகியிருக்கும். ஒண்ணு கூட வெலகல."

மிச்சத்தை அவன் சொல்லாமலே புரிந்தது. வழியில் யாரும் தொடவில்லை. ஆகவே லூஸாக விட்டவள் அவள். சோதித்துப் பார்க்காமல் கோடு போட்டதால் தெரிந்தே செய்தவள். தெரிந்தே செய்த தொழிலாளி ஒருத்தி கிடைத்துவிட்டால் கம்பெனியின் அபராதம் இளைக்கும், அவளுடையது கொழுக்கும். ஆலை அவளை அன்றைக்கே சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"நீங்கதானே எல்லா மீட்டிங்லயும் சொல்வீங்க, மிஸ்டர் ட்ரெட்வே? மூடியைக் கடைசியாத் தொட்ட கை எதுவோ, அபராதம் அந்தக் கைக்குன்னு."

சொன்னது உண்மைதான். அதைப் பலகையில் எழுதி ஆபீஸ் சுவரில்கூட மாட்டியிருந்தார்கள். ட்ரெட்வே படத்தையே பார்த்தார். இந்தப் பவழ நிறத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கே என்று தேடிப் பார்க்கத் தெம்பு இல்லை. அறுபது வயதில் எல்லா நிறத்தையும் எங்கேயாவது பார்த்துத்தான் இருப்போம் என்று விட்டுவிட்டார்.

கார்லைல் போனதும் உதவியாளர் நெட்டி படத்தை எடுத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு வயது. பதினோரு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்கிற வேலை பார்த்துவிட்டு, அமிலம் சிந்திய அதே வாரம் இங்கே சேர்ந்தவள். யார் சொல்வதையும் முதல் தடவையில் நம்பமாட்டாள்.

"நல்ல கலர் பாஸ். உங்க கைக்கு எடுப்பா இருக்கும்."

"வேலையைப் பாரு."

"அதைத்தான் பாக்கறேன். மூடிக்கு அடியில இருந்த கேஸ்கெட் எங்க?"

அது கொட்டகை மூலையில் பிளாஸ்டிக் வாளியில் கழுவிக் கிடந்தது. இரும்பு மூடிக்கும் வேகன் வாய்க்கும் நடுவில் வைக்கிற தடித்த ரப்பர் வளையம். நெட்டி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பினாள். இன்னொரு தடவை திருப்பினாள். ட்ரெட்வே நிமிர்ந்து பார்த்தார்.

"பீச் ஊறுகாய் பாட்டில் இருக்குல்ல பாஸ்? மொத தடவை மூடினா ரப்பர்ல ஒரு தடம் விழும். தெறந்து மறுபடி மூடினா அதே இடத்துல உக்காராது. பக்கத்துல இன்னொண்ணு விழும்." வளையத்தை அவர் கையில் கொடுத்தாள். "எண்ணுங்க."

இரண்டு தடம் இருந்தது. ஒன்று ஆழமாக, ஒரே சீராக. அதன்மேல் ஏறி, ஒரு நூல் விலகி இன்னொன்று, ஆழமில்லாமல். கேஸ்கெட் புதியது என்று ஆலையின் ரசீதிலேயே இருக்கிறது. ஒடெஸா ஒரு தடவைதான் மூடியிருக்கிறாள், அதுவும் பலமாக. அப்புறம் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்துவிட்டு, நட்டுகளைத் திருப்பி, கோடு கோட்டோடு சேர்ந்ததும் சரியாகிவிட்டது என்று நிறுத்தியிருக்கிறார்கள். ரப்பர் இடம் மாறி உட்கார்ந்தபிறகு பழைய கோட்டுக்குத் திருப்பினால் பழைய இறுக்கம் வராது. நீள ஸ்பேனர் போட்டுப் புதிதாக முறுக்கவேண்டும்.

"கோடு வெலகலன்னா யாரும் தொடலன்னு வக்கீல் சொல்றான்," என்றாள் நெட்டி. "நான் சொல்றேன், ஆறு கோடும் இவ்வளவு அழகா சேர்ந்திருக்குன்னாலே யாரோ மெனக்கெட்டு சேத்திருக்கான். தானா இருக்கறது இவ்வளவு அழகா இருக்காது. என் மொத புருஷன் பொய் சொல்லும்போது இப்படித்தான், ஒரு பிசிறு இருக்காது."

ட்ரெட்வேக்குக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. எங்கிருந்தோ ஒரு வாசல் திறந்த மாதிரி இருந்தது. மூடியைத் திறக்கிறவன் யாராக இருந்தாலும் முதலில் அதன்மேல் இருக்கும் கம்பி சீலை வெட்ட வேண்டும். மூடியபின் தன்னுடைய சீலைப் போட வேண்டும். ஆலைக்கு ஒரு நிறம், சாம்பிள் எடுக்கிற கம்பெனிக்கு ஒரு நிறம், வாங்குகிறவனுக்கு ஒரு நிறம். ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். சீல் கிடைத்தால் ஆள் கிடைத்துவிடுவான்.

ஆனால் சீல்தான் இல்லை. அன்றைய களேபரத்தில் வெட்டி எறிந்தார்கள், எங்கே விழுந்ததோ என்று எல்லாருடைய வாக்குமூலமும் ஒரே மாதிரி கையை விரித்தது. நெட்டி படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். சீல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய மஞ்சள் கையுறை. கட்டை விரலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இந்தக் கை எறியல பாஸ். பொத்தி வச்சிருக்கு. எங்க ஊர்ல தீயணைக்கப் போற தொண்டர் ஆளுங்க எல்லாருமே திருடனுங்க. ஒவ்வொரு எடத்துலேருந்தும் ஞாபகத்துக்கு ஒண்ணு சுட்டுட்டு வந்து பலகையில அடிச்சு வைப்பானுங்க. வாங்க, இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அங்க மீன் பொரிப்பாங்க."

டல்லி தீயணைப்பு நிலையத்தில் ஒரே ஒரு வண்டி. அதை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே மேஜை போட்டிருந்தார்கள். கெளுத்தி மீன் பொரிகிற வாசனை தெருக்கோடி வரைக்கும் வந்தது. தலைவர் லீமன் ஷூக் வாரநாளில் டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவர். இடுப்பில் ஏப்ரன், கையில் ஜல்லிக்கரண்டி. கட்டை விரலில் கறுப்பு டேப் சுற்றிய கையுறை அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

சீலைப் பற்றிக் கேட்டதும் லீமனுக்கு மறதி வந்துவிட்டது. அன்றைக்கு ஒரே புகைச்சல், எதைப் பார்த்தோம் எதை வெட்டினோம் என்றே நினைவில்லை என்று எண்ணெயைப் பார்த்துச் சொன்னார். நெட்டி அவரோடு வாதாடவில்லை. தட்டில் இரண்டு துண்டு மீனை வாங்கிக்கொண்டு சுவர்ப் பலகைக்கு எதிரே போய் நின்றாள். உருகிப்போன ஒரு கடிகாரம், மோட்டார் சைக்கிள் கண்ணாடி, பூனையின் கழுத்துப் பட்டை, யாரோ ஒருவரின் பல்செட். ஒவ்வொன்றுக்கும் அடியில் தேதி.

"இந்தப் பல்செட்டுக்கு சொந்தக்காரர் கேக்கலையா மிஸ்டர் ஷூக்?"

"உயிரைக் காப்பாத்தினோம்ல," என்றார் லீமன். "அவரே குடுத்தாரு."

"அப்ப அமிலம் சிந்தின ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதிக்கு மேல ஏன் ஆணி மட்டும் இருக்கு?"

லீமன் ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தார். பெரிய உடம்புக்குள் சின்னக் குற்றவுணர்ச்சி நெளிந்தது. நீங்கள் வருவதைப் பார்த்துத்தான் கழற்றினேன், கேஸ் எதுவும் வேண்டாம், இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் நடந்த பெரிய விஷயமே அதுதான் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏப்ரன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். விரல் நீளத்துக்கு முறுக்குக் கம்பி, நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டி.

ஆலையின் சீல் நீலம். இது ஆரஞ்சு.

ட்ரெட்வே அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எண்ணைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பக்கத்து மேஜையில் யாரோ ஐஸ் டீயைக் கலக்கிய சத்தம் அளவுக்கு மீறிப் பெரிதாகக் கேட்டது.

"யாரோடது பாஸ்? சாம்பிள் கம்பெனியா?"

அவர் கார் சாவியை எடுத்து நீட்டினார். "பின் சீட்ல என் கருவிப் பை இருக்கு. பக்கவாட்டு அறையில சீல் கட்டு இருக்கும். மேலாப்புல இருக்கறதோட நம்பரைப் படிச்சிட்டு வா."

நெட்டி போகும்போது ஏதோ கிண்டல் சொல்லிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வாயில் கிண்டல் இல்லை. ஆரஞ்சு நிறக் கட்டு அவள் கையிலேயே இருந்தது. அவர் உள்ளங்கையில் இருந்தது 4417. கட்டில் மேலாக இருந்தது 4418.

அந்த நிறம் ரயில் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு மட்டும்தான். அதுவும் ஆளுக்கு ஒரு கட்டுதான்.

அப்போதுதான் பவழ நிறத்தை எங்கே பார்த்தோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. ஆகஸ்ட் பதினான்கு, வேகன்கள் ஒதுங்கி நிற்கிற ஹோலிஸ் லூப் லைன், நூற்றி நாலு டிகிரி வெயில். பன்னிரண்டு வேகன் நின்றிருந்தது, அவர் தனியாகப் போயிருந்தார். வழக்கப்படி ஏதாவது ஒன்றின் மூடியைத் திறந்து கேஸ்கெட் நல்லதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் பட்ட ஒன்றில் ஏறினார். கேஸ்கெட் புத்தம் புதிது. மூடியபோது இந்தக் கோடுகளைப் பார்த்து, யாரோ கண்ணும் கருத்துமாக வேலை செய்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டது கூட இப்போது நினைவிருக்கிறது. திறப்பதற்குப் பயன்படுத்திய நீள ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டிருந்தார். ஏணிக்கு ஒன்பது படி. இறங்கி, எடுத்து, மறுபடி ஏறவேண்டும். பையில் ஒரு சின்ன ஸ்பேனர் இருந்தது. அதை வைத்து ஆறு நட்டையும் கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தினார். சீலைப் போட்டார். அறிக்கையில் எல்லாரும் எழுதுகிற மாதிரி, "பன்னிரண்டு வேகன், குறை இல்லை" என்று ஒரே வரியில் முடித்தார். வேகன் எண் எழுதவில்லை. பிறகு அந்த வேகனை வேறு ரயிலில் சேர்த்து டல்லிக்கு அனுப்பியதால், விபத்து ரயிலின் காகிதங்களில் ஹோலிஸ் சோதனை வரவே இல்லை.

ஒன்பது படி. ஒரு மனிதனுக்குக் கண் போயிருக்கிறது. ட்ரெட்வேக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

இருவரும் காரில் போய் உட்கார்ந்தார்கள். நெட்டி மடியில் மீன் தட்டு அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"இலாகா தனக்குத் தானே அபராதம் போட்டுக்காது பாஸ்," என்றாள் கடைசியில். "உங்களை வீட்டுக்கு அனுப்புவாங்க. அவ்வளவுதான். ஆனா ஒண்ணு யோசிச்சேன். சீலை விட்டுடுங்க. கேஸ்கெட் மட்டும் போதும். ரெண்டு தடம் இருக்கு, தெறந்தது யாருன்னு தெரியலன்னு எழுதலாம். ஒடெஸா மேல அபராதம் வராது. உங்களுக்கும் ஒண்ணுமில்ல. பதினோரு வருஷம் இதே மாதிரி நான் எழுதியிருக்கேன். யாரும் திருப்பிக் கேட்டதில்ல."

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. "காரணம் தெரியவில்லை." இரண்டே வார்த்தை, ஐந்து மணிக்கு முன்னால் எழுதிவிடலாம். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடலாம். இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு இவ்வளவு தூக்கம் வந்ததே இல்லை.

"வெர்லீன் நம்புவாளா?" என்று கேட்டார்.

நெட்டி மீன் தட்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"காரணம் தெரியலன்னா, அக்கா லூஸா விட்டதுதான் காரணம்னு அவ நினைச்சுப்பா. தெரியலங்கற எடத்துல ஜனங்க தெரிஞ்ச பேரைத்தான் போட்டுக்குவாங்க."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். படிவத்தில் மீறியவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார். எழுத்து நேராகத்தான் வந்தது. விவரம் என்ற இடத்தில் தேதி, இடம், 4417, சின்ன ஸ்பேனர், ஒன்பது படி எல்லாவற்றையும் எழுதினார். நெட்டி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஆலைமேல் குறை எதுவும் காணவில்லை என்ற வரியைப் படித்தபோது மட்டும், கார்லைலுக்கு இனாமா இவ்வளவு நல்ல சேதியா, எனக்கு வயிறு எரியுது பாஸ் என்றாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒடெஸா ப்ரூயிட் வீட்டில் திரைகள் இழுத்து மூடியிருந்தன. ஐம்பது வயதுப் பெண்மணி. ஆலைச் சட்டையையே போட்டிருந்தாள், போவதற்கு வேலை இல்லாவிட்டாலும். விரல் நகங்களில் பாலிஷ் இல்லை. ட்ரெட்வே உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"என் கோட்டைப் பாத்துட்டா நிறுத்துனீங்க?"

"ஆமா, மிஸ் ஒடெஸா. அவ்வளவு நேர்த்தியா இருந்துச்சு. நம்பிட்டேன்."

"கோடு நட்டு திரும்பிச்சான்னு காட்டத்தான். இறுகிச்சான்னு காட்ட இல்ல. இது சேந்த மொத நாளே எங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க." குரல் உயரவில்லை. "மூணு வாரமா ராத்திரியெல்லாம் அந்த ஆறு நட்டையும் மனசுக்குள்ள முறுக்கிட்டே கெடந்தேன். முறுக்கினேன்னு எனக்குத் தெரியும். ஆனா தெரியும்னு நானே நம்பல. சர்ச்சுல என் பெஞ்சுல யாரும் உக்காரல, மிஸ்டர் ட்ரெட்வே. என் தங்கச்சி போனை எடுக்கல."

அவர் மன்னிப்புக் கேட்டார். அது அந்த அறைக்குள் ரொம்பச் சின்னதாகக் கேட்டது. அறிக்கை ஐந்து மணிக்குள் போய்விடும், ஆலை திங்கட்கிழமையே கூப்பிடும், பிடித்த சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று நெட்டி சொன்னாள்.

ஒடெஸா எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. எழுந்துபோய்க் கைப்பையை எடுத்து வந்தாள்.

"காயிதம் யாருக்கு வேணா போகட்டும். என்கிட்டச் சொன்ன மாதிரியே, ஒரு வார்த்தை கொறைக்காம, வெர்லீன்கிட்டச் சொல்லுங்க. இப்பவே. நான் பக்கத்துல நிக்கணும்."

ட்ரெட்வே காரை எடுத்தார். ஒடெஸா முன்சீட்டில் உட்கார்ந்து திரும்ப வேண்டிய தெருக்களைக் கையால் மட்டும் காட்டினாள். நெட்டி பின்சீட்டில், கருவிப் பைக்குப் பக்கத்தில். நான்காவது தெருவில் வெள்ளை அடித்த சின்ன வீடு. மரச் சாய்நாற்காலி ஒன்றில் ஒருபக்கம் முகம் கட்டுப்போட்ட மனிதர் உட்கார்ந்திருந்தது கொசுவலைக் கதவு வழியே தெரிந்தது.

ட்ரெட்வே படிகளைப் பார்த்தார். மூன்றே படி. காலை எடுத்து வைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

மணி அடிக்கும்முன்பே வெர்லீன் கதவைத் திறந்தாள். முதலில் அக்காவைப் பார்த்தாள். முகம் இறுகியது. கதவை மூடப்போன கை பாதியில் நின்றது, ஏனென்றால் அக்காவுக்கு முன்னால் வயதான ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற மனிதருக்கும் கேட்கும்படி பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, என் பேரு ஏமஸ் ட்ரெட்வே. அந்த மூடியைக் கடைசியாத் தொட்டது என் கை."